வலி நின்ற காலை

அன்புள்ள மனைவிக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. மூன்று மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. இதையாவது கிழிக்காமல் படி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் அம்மா இப்போதுதான் ஒரு வேளையாவது சாப்பிடுகிறார்.

நம் மகளை, நம் வாயாடியை, அடக்கம் செய்த மறுவாரமே வெளியூர் வேலைக்குத் திரும்பிவிட்டாய். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானே சொல்லிவிடுகிறேன்.

வயிற்றுவலியில் துடித்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குடல்வால் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சின்னத் துளைகள் போட்டு எடுத்துவிடலாம், அதுதான் நல்லது. வயிற்றைக் கிழித்தும் எடுக்கலாம். ஆரம்பம்தான் என்பதால் ஊசி மருந்திலேயே அடங்கினாலும் அடங்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். நீ ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உன்னைக் கேட்காமல் பிள்ளைமேல் கத்தி வைக்க மனம் வரவில்லை. ஆனால் அந்த வாரம் உனக்கு அங்கே வேலை உயர்வுக்கான பரீட்சை. கலங்கிப்போவாய் என்று உன்னைக் கேட்கவும் இல்லை. ஊசி போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

வலியில் மாற்றம் தெரிந்தால் உடனே கூப்பிடச் சொன்னார்கள். வலி கூடினால்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை வலி சட்டென்று நின்றது. அப்பா, உங்க மூஞ்சியைப் பார்த்தா நீங்கதான் நோயாளி மாதிரி இருக்கீங்க என்று கிண்டல் செய்தாள். நான் மெக்கானிக். மெஷினில் சத்தம் நின்றால் பழுது போய்விட்டது என்று கையைத் துடைத்துக்கொள்கிறவன். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். பார்க்க வந்த நர்ஸிடம், இப்போதுதான் தூங்குகிறாள், எழுப்பாதீர்கள் என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினேன்.

குடல்வால் வெடித்தால் வலி கொஞ்ச நேரம் விட்டதுபோல் இருக்குமாம். பிறகுதான் சொன்னார்கள். மதியம் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. வயிற்றைத் திறந்து சீழைக் கழுவினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

வலி நின்றதும் உனக்கு ஒரு போன் போட்டிருந்தால், அது ஆபத்து என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். அது உனக்கும் தெரியும். அதனால்தான் நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. இதே வலியோடு ஒரு பிள்ளை உன் ஆஸ்பத்திரிக்கு வந்தால், அதன் தகப்பன் வெளியே நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் வெளியே வந்து, வலி திடீரென்று நின்றால் சந்தோஷப்படாதே, ஓடிவந்து எங்களைக் கூப்பிடு என்று சொல். அவன்மேல் கோபப்படாமல் சொல்லம்மா.

இப்படிக்கு,
வாயாடியின் அப்பா