எனக்கு முன்னே விமானம் ஏறிய வயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம், நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்று என்னைக் கேட்காதே, என் வயிற்றில் வெட்டியெடுத்த துண்டு கடல் தாண்டி உன் ஆய்வகத்தில்தானே இருக்கிறது, அதையே கேட்டுக்கொள். ஆபரேஷன் முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு வலிக்குதா என்று கேட்பதற்கு முன்னால், “ஆய்வுக்கு மெழுகுல பதிச்ச துண்டை அனுப்பிட்டாங்களா?” என்று கேட்ட மகராசி அல்லவா நீ. ஆயுசு முழுக்க ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், இன்றுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. என் வயிறு போய்விட்டது, கொடுத்துவைத்த வயிறு.

அம்மாவின் கூத்தைக் கேள். போன வருடம் நீ மேடையில் பேசிய வீடியோவை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறாள், சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடத் தப்பவில்லை. செல்களின் மேலிருக்கும் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதம் என்று அதில் சொன்னாயா, அவ்வளவுதான், சர்க்கரை டப்பா பரண் ஏறிவிட்டது. அது வேற சர்க்கரைம்மா என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளுக்கு டாக்டர் பட்டம், அப்பனுக்குக் கசப்புக் காபி. உன் சித்தப்பா என்னைப் பார்க்க வந்தான், எனக்கு வைத்திருந்த சூப்பைக் குடித்துவிட்டு, நான் இளைத்துவிட்டதாக வருத்தப்பட்டுப் போனான்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். வயிற்றுப் புற்றில் சாயம் ஏற்றிப் பார்த்தால் அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும், மிகவும் கருத்திருந்தால் நோய் ஆழமாக இறங்கிப் பக்கத்திலும் பரவியிருக்க வாய்ப்பு அதிகம் என்று நீதானே சொன்னாய். என் துண்டு என்ன நிறம் என்று கேட்டால், “இன்னும் பாக்கலப்பா” என்கிறாய். உனக்குப் பொய் சொல்ல வராது. என்னோடு மல்லுக்கட்டாமல் நீ போனை வைத்ததே கிடையாது. போன வாரத்திலிருந்து தேன் ஒழுகப் பேசுகிறாய், எதைச் சொன்னாலும் சரிப்பா, சாப்பிட்டீங்களாப்பா. சோதித்துப் பார்க்க உன் கல்யாணப் பேச்சை எடுத்தேன், அதற்கும் சரிப்பா! அங்கேதான் கோட்டை விட்டாய். என் துண்டு நல்ல கருப்புதான் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

பயமாக இருக்கிறதம்மா. நான் ஊகித்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது, போனில் உளறிவிடாதே. துண்டைப் பார்த்தது போதும், மீதி ஆளை வந்து பார். வேளைக்குச் சாப்பிடு, தூங்கு, நூறு வயது நன்றாக இரு. டிக்கெட் போட மறக்காதே. வரும்போது அந்தச் சரிப்பாவை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா, எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா