கூதிர்க்கோட்டு வீடுகளின் தரம் அழித்து விறகு வேண்டிய ஓலை

அடுப்பு அவியாக் கருவரை நாடு நெடிது வாழ்க. அந்நாட்டைக் குளிரினின்று காக்கும் அரசியார் நன்முல்லைத் தேவியின் கோல் தாழாதிருக்க. அடிவாரக் கோட்டை விறகுக் கொட்டாரத்தின் தலைவரும், மூவாயிரம் வண்டி விறகை ஒரு சுள்ளி குறையாமல் காத்து வெள்ளிக் கோடரி பெற்றவருமாகிய வல்லனார் திருமுன், மலைநாட்டு மனையளவர் செங்கண்ணனார் சொல்ல எழுதிய மூன்றாம் ஓலை. முதலிரண்டுக்கும் தாங்கள் அனுப்பிய மறுமொழிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, விறகும் இல்லை.

அடுப்பை அவித்து, ஆட்களை வெளியேற்றி, உருக்கிய நெய்யைக் கிண்ணத்தில் வைத்து, அது உறைய எத்தனை நாழிகை ஆகிறதென்று பார்த்தே நம் நாட்டில் வீடுகளுக்குத் தரம் இடுகிறோம். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வீடு முதல் தரம். அதன் வாசல் நிலையில் ஒரு வெள்ளைக் கோடு, மாதம் ஐந்து கட்டு விறகு. வெப்பம் நில்லாத வீடு ஏழாம் தரம். ஏழு கோடு, முப்பது கட்டு. சென்ற ஆண்டு இந்த அளவரே கூதிர்க்கோட்டுக்கு வந்து அளந்தபோது நாற்பத்து மூன்று வீடுகளிலும் விடியும்வரை நெய் உறையவில்லை. காடு பிழைத்ததென்று அரசியார் மகிழ்ந்தார். ஊரார் பறை முழக்கினர். அளவருக்குப் பொற்கடகம் கிடைத்தது. அவரும் அதைக் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அவ்வூரில் மாட்டுத் தொழுவம் வீட்டின் பலகைத் தளத்துக்கு அடியில் இருக்கிறது. அடுப்பை அவிக்கச் சொன்ன அளவர், கைக்குழந்தையைக்கூட வெளியே தூக்கிவரச் சொன்ன அளவர், அடியில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்த மாடுகளைக் கணக்கில் கொள்ளவில்லை. தொழுவம் வீடாகாது என்று அவர் சுவடியில் இருந்தது. அது போதுமென்று இருந்துவிட்டார். நெய்யை உறையாமல் காத்தது சுவரன்று, மாடு. இவ்வைப்பசியில் கொள்ளைநோய் வந்து ஊர் மாடெல்லாம் மாண்டன. இப்போது பலகை இடுக்கு வழியே பனிக்காற்றுதான் மேலே ஏறுகிறது.

ஐந்து கட்டு விறகு நான்கு நாளில் தீர்ந்தது. பிறகு ஏர் எரிந்தது, தொட்டில்கள் எரிந்தன, கதவுகள் எரிந்துகொண்டிருக்கின்றன. கதவு போனால் குளிர் இன்னும் ஏறுமென்று தெரிந்தேதான் எரிக்கிறார்கள். மூவர் இறந்துவிட்டனர். பிள்ளை பெற்று ஒன்பதே நாளான எயினி என்பாள், குழந்தையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அளவர்முன் வந்து நின்றாள். அவள் கூறியதை அவள் வாய்மொழியாகவே வரையச் சொன்னார்: “ஒசந்த வீடுன்னு நீங்கதானேய்யா கோடு போட்டீங்க. அந்தக் கோட்டக் கொளுத்தி இந்தப் புள்ளைக்கு அனல் காட்ட முடியுமா?” அளவர் ஊர் நடுவே நின்று அழுதார், அதை மறைப்பதற்கில்லை.

தரம் தவறென்றால் முறைப்படி மீண்டும் அளந்து வருக என்று இருமுறையும் பணித்தீர்கள். மீண்டும் அளக்க வேண்டுமானால் ஓர் இரவு முழுதும் ஊரில் தீ இருக்கலாகாது. அந்தப் பச்சைக் குழந்தையை எங்கே கிடத்திவிட்டு அளப்பது? ஆகவே அளவர் அளக்கப் போவதில்லை. இன்று காலை வீடு வீடாகச் சென்று, இருந்த ஒரு கோட்டின் பக்கத்தில் மேலும் ஆறு கோடுகளை இட்டார். இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. தான் இட்ட தரம் பிழையென அளவனே ஒப்பினால் மறு அளவை வேண்டா. ஆனால் அவன் முன்பு இட்ட தரத்துக்குரிய விறகை மட்டும் கொண்டு, அவ்வூரிலேயே அக்குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். அளவர் ஒப்புகிறார். மனமுவந்து ஒப்புகிறார் என்று எழுத எழுத்தாணி ஓடவில்லை. அவருக்கு வயது அறுபத்திரண்டு, நெஞ்சில் சளி உண்டு, பயமாகவும் இருக்கிறது.

கணவாய் மூட இன்னும் மூன்றே நாள் உண்டு. இவ்வோலை கண்ட பொழுதே வண்டி பூட்டுக. உணவு பாதியில் இருந்தாலும் கை கழுவி எழுக. இதுவரை வேண்டுகோள், இனி அரசியார் அளித்த மனையளவை முத்திரையின் ஆணை. நாற்பத்திரண்டு வீடுகளுக்கு, வீட்டுக்கு முப்பது கட்டாக ஏற்றுக. எஞ்சிய வீடு, இறந்த முதியவர் பொன்னிறையாருடையது. கதவு எரிந்துபோன அவ்வீட்டில் அளவர் குடியேறியிருக்கிறார். அதன் நிலையில் மட்டும் கோடு ஒன்றே. அதற்கு ஐந்து கட்டு. இரங்கி ஒரு சுள்ளி கூட்டினாலும் தண்டம் நிறைவேறியதாகாது. தண்டம் நிறைவேறாவிடில் மற்ற நாற்பத்திரண்டு வீட்டுத் தரமும் செல்லாது. இத்தனை காலம் தாங்கள் ஒருவருக்கும் கூட்டிக் கொடுத்ததில்லை. அளவருக்கும் கூட்ட வேண்டா.

கருவரை நாட்டு அடுப்புகள்மேல் ஆணை. மனையளவை முத்திரை இட்டது.