வளையல் சாக்கும் பிரஷர் மாத்திரையும்

என் அருமை செல்வி அண்ணிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. என் மகள், உன் செல்லம் மதி எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டாள். ஒரு கிலோ சொச்சத்தில் பிறந்தவள், இப்போது ஆட்டோக்காரரோடு தினமும் மல்லுக்கு நிற்கிறாள். உன் வாய் அப்படியே வந்திருக்கிறது.

அவள் வயிற்றில் இருந்தபோது, வளைகாப்பு முடிந்து கடப்பாக்கத்தில் நம் வீட்டுக்கு வந்திருந்தேனே, அதை நினைக்கிறேன். பிரஷர் மாத்திரை வயிற்றுப் பிள்ளையை வளரவிடாது என்று யாரோ சொன்னதை நம்பி, தினமும் அதை அட்டையிலிருந்து பிதுக்கி மீன் கழுவின தண்ணீரோடு கொட்டினேன். நர்ஸ் பிரஷர் பார்க்க வந்தால், பிரசவம் வரைக்கும் வளையல் உடையக்கூடாது, கையில் பட்டை கட்டாதீர்கள் என்று சாக்குச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நீ மட்டும்தான் சிரித்தாய்.

"வளையலு முழங்கைக்குக் கீழ கீது. பட்டைய மேலதான கட்டுறாங்க? இன்னாடி மறைக்கிற?"

அன்றைக்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய். மாத்திரையைக் கொட்டியதையும் வழியிலேயே என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாய். பிரஷர் எகிறியிருந்தது. மாத்திரை கொடுத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, எட்டாம் மாதத்திலேயே பிள்ளையை எடுத்தார்கள்.

மதியின் குதிகாலில் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள்; இறங்கியிருந்தது. தாய் சாப்பிட்ட மாத்திரையால் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கலாம், நெஞ்சுத் துடிப்பு குறையலாம் என்றார் டாக்டர். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். "அஞ்சாம் மாசத்துலேர்ந்து, விடாம" என்றேன்.

"பொய் சொல்றா சார். நடுவுல தூக்கிப் போட்டுட்டா. இப்ப ரெண்டு நாளாதான் துன்றா" என்று போட்டு உடைத்தாய்.

அந்த மாத்திரைதான் என் பிள்ளையை இப்படிப் பண்ணியது என்று உன்மேல் பாய்ந்தேன். "புள்ளயப் பாத்துக்க டாக்டரு கீறாரு. நீ பூட்டா அதுக்கு யார்டி கீறா?" என்றாய். மூன்றாம் நாள் சர்க்கரை சரியானது. இறங்கியது மாத்திரையாலா, குறைமாதத்தாலா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் உயிரோடு இருப்பது உன்னால் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை, அண்ணி.

என்னை இழுத்துக்கொண்டு போனவளே, அந்தப் பட்டைக்கு உன் கையை ஒருநாளாவது நீட்டினாயா? தலைவலி என்று தைலத்தையே ஏன் தேய்த்துக்கொண்டிருந்தாய்? மூளையில் ரத்தக்குழாய் வெடித்த பிறகுதான் உனக்கும் பிரஷர் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் விட்டவள் நான்.

இப்போது எனக்கு இரண்டாவது, ஆறாம் மாதம். நேற்று டாக்டரிடம், "ரெண்டு வேளை மறந்துட்டேன்" என்று நானே சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரரையும் அழைத்துப் போயிருந்தேன். "எனுக்கு இன்னாத்துக்கு?" என்று முறைத்தார் அண்ணன். பட்டை கட்டும்வரை அவர் கையை நான் விடவில்லை. அவருக்கும் பிரஷர் இருக்கிறது. இன்று காலை மாத்திரையை என் கண்முன்னால் விழுங்கினார்.

உன்னிடம் கேட்காமல் விட்டதை, இனி இந்த வீட்டில் யாரிடமும் கேட்காமல் விடமாட்டேன்.

நீ பிழைக்கவைத்த நாத்தனார்,
கலா