பானை வைத்த எஞ்சின்

1939 மார்ச் 12, ஞாயிறு. காலை 6 மணி 10 நிமிஷம்.

பெரியப்பா மருதாசலத்தின் கிணற்று எஞ்சின் நிமிஷத்துக்கு இருநூற்று இருபது வெடி. கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினேன். புகைக்குழாயில் அடி உடைத்த பானையை மாட்டியிருக்கிறார். சத்தம் ராசிபுரம் ரோடு வரை போகிறது. அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுமா?

ஆனால் அந்தச் சத்தத்தில் ஆள் மயங்குகிறது. போன வாரம் மோகனூரிலிருந்து தங்கை சென்னியம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அது ஆரு தோட்டமுங்க?" என்றார்கள். பெரியப்பா வரப்புத் தாண்டி வந்து மோர் குடிக்கக் கூட்டிப்போனார். அவர் மகளையே பேசி முடித்துவிட்டார்கள். கட்டிய பட்டுச்சேலையோடு தங்கை அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

விட மாட்டேன்.

மார்ச் 15

எங்கள் எஞ்சினுக்கும் பானை மாட்டினேன்.

மார்ச் 17

பெரியப்பா வந்தார். "உங்கொப்பன் இஞ்சின் தும்மறாப்பல இருக்குது சாமி. நிச்சயத்துக்கு மோகனூர்க்காரங்க வாராங்க. நீதான் கோயமுத்தூர்ல படிச்சவனாச்சே, எங்க இஞ்சினுக்கு ரெட்டிப்பா ஒண்ணு வாங்கி மாட்டிக் குடு."

அவர் கிணற்றில் இறங்கிப் பார்த்தவன் நான். ஊற்று கையகலம்தான். அத்தனை பெரிய எஞ்சின் அரைமணியில் உறிஞ்சி முடித்துவிடும். சொல்லியிருக்கலாம்.

"ஆகட்டுங்க பெரியப்பா" என்றேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

நிச்சயம். சம்பந்திகளைக் கிணற்று மேட்டில் நிற்க வைத்து, நான் மாட்டிக் கொடுத்த பெரிய எஞ்சினை ஓட்டினார். அரைமணிகூட ஆகவில்லை. குழாய் காற்றை இழுத்துக் கரகரத்து நின்றது. மோகனூர்ப் பெரியவர் எட்டிப் பார்த்து, "சேறுதானுங்க தெரியுது" என்றார். இலை போடும் முன்பே வண்டி கட்டிவிட்டார்கள்.

இன்று நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6

பெரியப்பாவுக்கு வீம்பு. ஊறுகிற தண்ணீரையெல்லாம் காலையும் மாலையும் இறைத்துத் தீர்க்கிறார். இன்று எங்கள் கிணற்றிலும் குழாய் அந்தரத்தில் தொங்குகிறது.

ஒரே ஊற்று! பாறைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். அவர் கிணற்றுக்கு மட்டும் கணக்குப் போட்டேனே — என்ன படிப்புப் படிச்சுத் தொலைச்சேன்?

கொடிக்காலில் வெற்றிலை துவண்டுவிட்டது. அதை விற்றுத்தான் தங்கை கல்யாணம். இன்னும் மூன்று நாள் தாங்கினால் பெரிது. தங்கை கேட்டாள்: "அந்தப் பெரிய இஞ்சின மாட்டுனது ஆருங்ணா?"

தெரிந்தே கேட்கிறாள்.

நாளை விடிந்ததும்:

1. பெரியப்பா வீட்டுக்குப் போவது. வாசலிலேயே நிறுத்துவார். நிற்பது.
2. அவர் எஞ்சினுக்குச் சின்னச் சக்கரம் மாட்டி, பம்பின் வேகத்தைக் குறைப்பது.
3. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று முறை பேசுவது. முதல் முறையைக் கொடிக்காலுக்குக் கேட்பது. கெஞ்ச வேண்டியிருந்தால் கெஞ்சுவது.
4. மன்னிப்பு மட்டும் கேட்பதில்லை. மோகனூர் சம்பந்தம் போனதில் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.
5. இரண்டு பானைகளையும் உடைப்பது. அவருடையதை அவர் கண்ணெதிரில். எங்களுடையதை அவர் பார்க்காதபோது.