லாம் டாக்டர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை வகுப்பில் தையல் அக்கா இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார். வானத்தில் பெயருக்குக்கூட மேகம் இல்லை. சுள்ளென்ற வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வலது பக்கம் திரும்பினோம்.

சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர். கணவருக்குக் கண் மங்கிவிட்டதால், ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுக்கிற இந்த டிரைவிங் ஸ்கூலில் இவ்வளவு பயந்து ஓட்டுகிறவரைப் பார்த்ததில்லை. இவ்வளவு விடாப்பிடியானவரையும் பார்த்ததில்லை.

ரவுண்டானா தாண்டியதும் எனக்கு வயிறு பிசைந்தது. "ஓரங்கட்டுங்க" என்று சொன்னதுதான் தெரியும், பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு ஓடினேன். மறுபடியும் ரத்தம். இத்தனை நாளாக மூலம், மூலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி முடியாது. நாளை டாக்டரிடம் போகிறேன். எழுதியாகிவிட்டது, மாற்ற முடியாது.

மார்ச் 5, புதன்

மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை போகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

குடல் டாக்டர் நல்ல மனிதர். குரல் தாழ்ந்து வருகிறது, நகம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம்கூட 'லாம்' இல்லாமல் வெளியே வருவதில்லை. கிருமியாக இருக்கலாம். மூலமாக இருக்கலாம். பெருங்குடல் முழுக்கப் புண்ணாகிற அந்த நோயாகவும் இருக்கலாம். அதற்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர்.

"இல்லாமலும் இருக்கலாம்" என்றார் கடைசியில்.

அது வந்தால் போய்விடுமா என்று கேட்டேன். போகலாம், திரும்ப வரலாம் என்றார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் தெரியலாமாம்.

வண்டியில் ஏறியதும் என் வீட்டுக்காரரிடம் நோயின் பெயரைச் சொன்னேன். "கொலையா?" என்று கேட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், தொங்குகிற கம்பியில் நின்று டீ குடிக்கிற மனிதர். அவரைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். காலையில் நாத்தனார் போன். "வேற பேர் எதாவது சொல்லுங்க அண்ணி, அம்மா காதுல கொலைன்னு விழுந்தா அவ்வளவுதான்" என்கிறாள். இவரைப் பார்த்தேன். இவர் ஃபேனைப் பார்த்தார்.

இப்போது இன்னொரு தொல்லை. நான் குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி. எதைச் சொல்வது? எப்படிச் சொல்வது?

மார்ச் 11, செவ்வாய்

இந்த ஊரில் கழிப்பறை எங்கே இருக்கிறது, எதற்குப் பூட்டு சரியில்லை, எதில் தண்ணீர் வராது என்று கேட்டால் நான் தூக்கத்தில் சொல்வேன். என் மாணவர்கள் எல்லாரும் அந்த வழியில்தான் ஓட்டுகிறார்கள். நூலகம், பெட்ரோல் பங்க், பெரிய ஆஸ்பத்திரி, மறுபடியும் நூலகம். அவர்கள் அதைப் பாடத்திட்டம் என்று நினைக்கிறார்கள்.

இன்று முதலாளி கூப்பிட்டார். என் மாணவர்கள் டெஸ்ட்டில் பார்க்கிங்கை மட்டும் பிரமாதமாகச் செய்கிறார்களாம். எவ்வளவு குறுகலான இடமானாலும் ஒரே மூச்சில் நிறுத்துகிறார்களாம், அது எப்படி என்று கேட்டார். அவசரப்படுத்தினால் வரும் என்றேன்.

அடுத்த மாதத்திலிருந்து நெடுஞ்சாலை வகுப்பை நான் எடுக்க வேண்டுமாம். எத்தனை நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு. ஊரைத் தாண்டினால் வெகுதூரத்துக்கு ஒரு கட்டடம் கிடையாது. வெறும் ரோடு. மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அறிவே கிடையாது.

மார்ச் 13, வியாழன்

நாளை கேமரா. குடலைச் சுத்தம் செய்ய ஒரு ஜாடி மருந்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சுவை என்று மேலே போட்டிருக்கிறது. எழுதியவர் எலுமிச்சையைப் பார்த்ததே இல்லை போல.

மறுபடியும் போக வேண்டும்.

மறுபடியும்.

மார்ச் 14, வெள்ளி

ஊசி போட்டார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். இதற்காகவே இன்னொரு தடவை செய்துகொள்ளலாம்.

உள்ளே சிவந்திருக்கிறதாம். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். லாம் டாக்டர் இன்று மயக்கத்தில் இருந்த என்னிடம் என்னென்னவோ சொன்னாராம். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, "ஒண்ணும் புரியல, ஆனா நல்லவிதமாத்தான் சொன்னாரு" என்றார்.

மார்ச் 20, வியாழன்

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

பயமாக இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, ரொம்பப் பயமா இருக்கு. வலியைக்கூடத் தாங்கிக்கலாம். வண்டி ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, எல்லாம் என் கைக்குள்ள இருக்குன்னு முகத்தை வச்சுக்கிட்டுத்தானே இத்தனை வருஷம் பொழச்சேன்? என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, அதனால பயப்படாதீங்கன்னு முதல் நாள் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். எனக்குள்ள ஓடுறதுக்கு ரெண்டாவது பிரேக் எங்க? மேசையில உக்காந்து ரசீது போடுன்னு சொல்லிட்டாங்கன்னா? நான் என்ன ஆவேன்?

இவர் எட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கு?" என்றார். நான் குளியலறையில்கூட இல்லை. சிரித்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

வந்துவிட்டது. என்ன வந்தது என்று கேட்டால் ஒன்றும் வரவில்லை. கொலைட்டிஸின் ஆரம்பமாக இருக்கலாம். ஏதோ கிருமி வந்து போனதன் மிச்சமாகவும் இருக்கலாம். இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாதாம். மாத்திரை எடுத்துக்கொண்டு, சில மாதம் கழித்து மறுபடியும் கேமரா.

அப்படியானால் எனக்கு அந்த நோய் இருக்கிறதா, இல்லையா என்று மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "தெரியலைம்மா" என்றார்.

லாம் இல்லாமல் அவர் பேசி இன்றுதான் கேட்டேன். அதிலும் இதுதான் வந்தது.

மார்ச் 27, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

தையல் அக்கா வகுப்புக்கு வந்தார், வண்டியில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். ஏன் என்று கேட்டால் கண் கலங்கியது. அவருக்கு வீட்டில் வேறு யாரும் ஓட்டுவதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும். விடாமல் கேட்டேன்.

"நான் தப்பா ஓட்டும்போதெல்லாம் நீங்க கோவத்துல ஓரங்கட்டச் சொல்லிட்டு இறங்கிப் போயிடுறீங்க டீச்சர். திட்டிடக் கூடாதுன்னு தனியாப் போய் அடக்கிக்கிட்டு வர்றீங்க. திரும்பி வரும்போது முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. உங்களை இவ்வளவு வதைச்சு நான் என்னத்தக் கத்துக்கப் போறேன்?"

தினமும் வீட்டுக்குப் போய் அதை நினைத்து அழுதிருக்கிறார். கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரிப் பழகியிருக்கிறார், நான் இறங்கிப் போகாமல் இருப்பதற்காக.

சொல்லிவிட்டேன். நடு ரோட்டில், வண்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வயிறு, ரத்தம், கேமரா, கொலைட்டிஸ், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர் ஒருவர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்.

அக்கா அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்போ... வயித்தாலயா? என்னால இல்லையா?" என்றார். உங்களால் இல்லை அக்கா என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, ஐயோ, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் சிரிக்கிறேனே என்று இன்னும் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கொஞ்சம் கவனமாகத்தான்.

இன்று வகுப்பில் இரண்டு பேரும் நன்றாக ஓட்டினோம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒரு தடவை வாய்விட்டுச் சொன்ன பிறகு இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதலாளியிடம் சொன்னேன். ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்தார். மேசையில் உட்கார வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ அந்தப் பார்க்கிங் ரகசியம் இதுதானா?" என்றார்.

நெடுஞ்சாலை வகுப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நானே முடிவு செய்ய வேண்டுமாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாத்திரை கேட்கிறது. ரத்தம் நின்றிருக்கிறது. கண் வைக்கக் கூடாது, பார்ப்போம்.

லாம் டாக்டரிடம் கேள்விகளோடு போனேன். வழக்கம்போல் சாப்பிடலாமா? சாப்பிடலாம், எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விடலாம். வேலைக்குப் போகலாமா? போகலாம். நெடுஞ்சாலையில் சொல்லிக்கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம், நடுவில் எங்கே நிறுத்தலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்து படியில் நின்றுவிட்டேன். அதே மனிதர், அதே லாம். நோய் உள்ளே இருக்கிறதோ இல்லையோ, தெரியாது. அதற்காகக் கோபம் வரவில்லை.

இவர் கீழே காத்திருந்தார். "எப்படி இருக்கு?" என்றார். "இருக்கலாம்" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நெடுஞ்சாலை. முதல் வகுப்புக்குத் தையல் அக்காதான் வர வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். லாரிகள் பக்கத்தில் வந்தபோது மூச்சை நிறுத்திக்கொண்டு ஓட்டினார், ஆனால் ஓட்டினார்.

ஊர் மறைந்தது. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. வயிற்றில் லேசாக ஒரு பிசைவு. மாத்திரையா, பயமா, பழைய சனியனா, தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என்னை அறியாமல் கை மட்டும் சீட் பெல்ட் கொக்கிக்குப் போயிருந்தது போல.

டிக், டிக் என்று சத்தம் கேட்டது. பார்த்தால் இடது இண்டிகேட்டர். வைப்பர் இல்லை. கண்ணாடியைப் பார்த்து, வேகம் குறைத்து, லாரிகள் நிற்கிற ஓய்விடத்துக்குள் கழிப்பறை வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். நான் ஓரங்கட்டச் சொல்லவே இல்லை. என் பக்கத்துப் பிரேக்கில் கால் வைக்கவும் இல்லை.

போய்விட்டு வந்தேன். நடந்துதான் போனேன், ஓடவில்லை. அக்கா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"போலாமா டீச்சர்?" என்றார்.

"போலாம்கா" என்றேன்.