இரண்டு வலக்கைத் தடிகள்

என் அன்பு மச்சாள் நிலானிக்கு,

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றக் கதை. உன் பெட்டியை மூடுவதற்கு முன் உன் கைகளுக்குள் நான் வைத்த இரண்டு தடிகளும் வலக்கைத் தடிகள். உன் இடக்கைத் தடிகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. எங்கள் இசைக்குழுவில் என்னையும் பேஸ் கிற்றார் வாசிக்கிற கபிலையும் தவிர இது ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. உன் அம்மாவுக்கு, என் மாமிக்கு, நேற்றுத்தான் சொன்னேன்.

இதை வாசிக்கிறவர்கள் குழம்புவார்கள். ட்ரம்ஸ் அடிக்கிற தடியில் வலம் என்ன, இடம் என்ன, கடையில் சோடியாகத்தானே விற்கிறார்கள் என்று கேட்பார்கள். உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் விளங்க எழுதப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்வதாக இருக்கும். பொறுத்துக்கொள்.

வவுனியாவில் அந்தக் கடைக்கு முதல் தடவை போனது நினைவிருக்கிறதா? முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே போனோம். நீ கண்ணாடி மேசையில் ஒவ்வொரு தடியாக உருட்டினாய். நேரான தடி வழுக்கிக்கொண்டு ஓடியது, வளைந்தது துள்ளியது. துள்ளாதவற்றை எடுத்து நெற்றியில் மெல்லத் தட்டிக் காதால் எடை பார்த்தாய். கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை. உன் இடக்கையைத்தான் பார்த்தார். சின்னி விரலும் மோதிர விரலும் இல்லாத கை. எட்டு வயதில், கடைசிச் சண்டையில், பங்கர்க் குழிக்கு வெளியே கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்க நீட்டிய கை. பார்த்தவுடன் அவருடைய குரல் இளகியது.

“தங்கச்சி, பாரமில்லாத சோடி ஒண்டு தரட்டோ? சின்னப் பிள்ளையள் பழகிற சைஸ்.”

“வேண்டாம் அண்ணை. இந்த மெல்லிசில ஒண்டு, அந்தத் தடிப்பில ஒண்டு தாங்கோ.”

“சோடி குலைக்க ஏலாது பிள்ளை. மிச்சத்தை நான் ஆருக்கு விக்கிறது?”

“அப்ப ரெண்டு சோடியையும் தாங்கோ. குலைக்கிற வேலையை நான் வெளியில போய்ச் செய்யிறன்.”

பஸ் நிலையத்து வாங்கில் குந்தியிருந்து இரண்டு பைக்கற்றையும் உடைத்தாய். வலக்கைக்கு மெல்லியது, இடக்கைக்குத் தடித்தது. இப்படி இரண்டு சோடி. வீட்டுக்கு வந்து தடித்த இரண்டின் அடியிலும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினாய். அந்தப் பஸ் நிலையத்தில் போகிற வருகிற சனமெல்லாம், ஒரு பெட்டை நடு வெயிலில் தடி அளந்துகொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தது. நீ நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நான் உன் பக்கத்தில் நின்று ஒக்டோபாட் தட்டுகிறவன். றப்பர்த் தகட்டில் தட்டுவதற்கு எந்தத் தடியும் ஒன்றுதான். அதனால் உன் பையில் ஏன் இத்தனை வகை என்று நான் யோசித்ததே இல்லை. நீயோ மேடைக்கு ஏற முதல் கூரையைப் பார்ப்பாய். பிறகு பாடுகிறவரோடு சும்மா கதை கொடுத்து அவருடைய தொண்டை அன்று எப்படியிருக்கிறது என்று பார்ப்பாய். அதற்குப் பிறகுதான் பையின் சிப் திறக்கும்.

ஜெயபுரத்தில் கோயில் திருவிழாவுக்கு வெட்டவெளியில் மேடை போட்டிருந்தார்கள். அன்றைக்கு நுனியில் நைலோன் குமிழ் வைத்த தடியை எடுத்தாய். காற்று சிம்பல் தட்டின் சத்தத்தைத் தின்றுவிடும், மரநுனி கேட்காது என்றாய். எங்கள் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு அடிக்கும்போது மெல்லிய மூங்கில் ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டிய தடி. பழைய மெலடிப் பாட்டுக்குச் சின்ன உருண்டை நுனி. சனம் எழும்பி ஆடுகிற பைலாவுக்கு உன் வழமையான சோடி, ஒன்று மெலிவு ஒன்று தடிப்பு. ஒரு பாட்டுக்கு எவ்வளவு சத்தம் போதும் என்பதை அடிக்கத் தொடங்க முன்னமே தெரிந்துவைத்திருந்த ஆளை நான் வேறு எங்கும் காணவில்லை.

பூவரசங்குளத்துக் கலியாண வீட்டை எழுதாமல் விட்டால் நீ கோபிப்பாய். தகரக் கூரை மண்டபம். பாடுகிற அண்ணைக்குத் தொண்டை கட்டியிருந்தது. நீ மூங்கில் தடியை எடுத்தாய். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் முன்னுக்கு வந்து நின்றார்கள்.

“என்னப்பா, பிள்ளைக்கு விரல் காணாதெண்டு தடவி விடுதோ?” என்று ஒருத்தன் கேட்டான்.

நீ அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாய். “அண்ணை, உங்கட மண்டபம் ஒரு வாளி. வாளிக்குள்ள கல்லுப் போட்டா பாட்டுக் கேக்காது. சத்தம்தான் வேணுமெண்டாச் சொல்லுங்கோ, ஜெனரேற்றரைக் கிட்டக் கொண்டுவந்து வைப்பம்.”

மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கலியாணப் பொம்பிளையின் தகப்பன் வந்து, “இப்பிடியே அடி பிள்ளை, பாட்டு விளங்குது” என்றார். அன்று அந்த மனுசன் உன் கையைப் பார்த்துச் சொல்லவில்லை, பாட்டைக் கேட்டுச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ அதையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

ஏனென்றால் மற்ற எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள். கிளிநொச்சியில் உனக்கு ஒரு கேடயம் தந்தார்களே, அதில் ‘தன்னம்பிக்கைச் சிகரம்’ என்று போட்டிருந்தது. ட்ரம்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை. மைக் பிடித்தவர் உன் விரலைப் பற்றிப் பேசிப் பேசிக் கண் கலங்கினார். பிறகு நேரம் போதாது என்று ஒரு பாட்டோடு எங்களை இறக்கிவிட்டார். “இல்லாத விரலுக்குப் பத்து நிமிசம், இருக்கிற விரலுக்கு ரெண்டு நிமிசம்” என்று சொல்லிவிட்டு நீ கேடயத்தை எங்கள் வான் வண்டியின் பின் சீற்றில் எறிந்தாய். எங்கள் ஊரில் ஒரு பெட்டை கெட்டிக்காரியாக இருக்க வேண்டுமென்றால் முதலில் பாவமாக இருக்க வேண்டும். வெறும் கெட்டிக்காரியை இவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

பரந்தன் வீதியில் பட்டப்பகலில் உன் ஸ்கூட்டியை மணல் ஏற்றிய ரிப்பர் லொறி அடித்தது. சாரதி அடுத்த கிழமையே பிணையில் வந்துவிட்டான். அதே வீதியால் அதே வேகத்தில் மணல் இன்றைக்கும் போகிறது. விபத்து என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் இந்தப் பக்கங்களையும் அந்த ரிப்பரே எடுத்துவிடும்.

செத்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். பதாகையில் போட்ட படத்தில் உன்னை இடப்பக்கத் தோளோடு வெட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் உன் இடக்கையில் வெள்ளைக் கையுறை. ஐந்து விரலும் நிரம்பித் தெரிய உள்ளே பஞ்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசல் படலைக்கு வெளியே போய் நின்றுவிட்டேன். உயிரோடு இருந்தபோது அந்தக் கையைக் காட்டிக் கேடயம் கொடுத்தார்கள், செத்த பிறகு அதை ஒளிக்கிறார்கள் என்று கபிலிடம் கத்தினேன்.

பெட்டியை மூடப் போகிற நேரம் மாமி என்னைக் கூப்பிட்டா. “றெஜி, அவளின்ர தடியை எடுத்துக் கையில வை ராசா.”

பையைத் திறந்தேன். உன் இரண்டு சோடியும் மேலேயே இருந்தன. ரியூப் சுற்றிய தடித்த தடி இரண்டு, சுற்றாத மெல்லிய தடி இரண்டு. கண்ணீரோடு நின்ற எனக்குக் கை தானாகப் போனது, ஒரே மாதிரியான, சுத்தமான, பார்க்க வடிவான இரண்டுக்கும்தான். உன்னோடு இத்தனை வருசம் மேடையில் நின்றவன் நான். நீ ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்த நேரம் உன்னைச் சோடி சேர்த்து, குறை தெரியாமல் அனுப்பிவைக்கத்தான் எனக்கும் தோன்றியிருக்கிறது. கையுறை போட்டவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், சொல்?

இது எனக்கு உறைத்தது இரண்டு கிழமைக்குப் பிறகு, பயிற்சியில். உன் இடத்தில் இப்போது என்னை இருத்தியிருக்கிறார்கள். பையில் கைக்கு அகப்பட்ட இரண்டையும் எடுத்து, பாட்டைத் தொடங்குவதற்குத் தடியோடு தடி நாலு தட்டுத் தட்டினேன். பேஸ் கிற்றாரோடு குனிந்து நின்ற கபில் தலை நிமிர்ந்தான்.

“மச்சான், ஆற்ற தடி அது?”

“நிலானின்ர.”

“விசர்க் கதை கதையாத. நிலானின்ர தட்டு இப்பிடிக் கேக்காது.”

இரண்டு பேரும் என் கையைப் பார்த்தோம். இரண்டிலும் ரியூப். அந்த நேரம்தான், உன்னிடம் எதைக் கொடுத்து அனுப்பினேன் என்று தெரிந்தது. பிறகு ஒருவரும் வாசிக்கவில்லை.

அடுத்த நாள் தனியாகப் போய் இருந்து, வலக்கையில் என்னுடைய மெல்லிய தடியையும் இடக்கையில் உன் தடித்ததையும் பிடித்து அடித்துப் பார்த்தேன். உனக்குத் தெரிந்திருந்ததை நான் அப்போதுதான் கேட்டேன். முன்னாலிருக்கிற சின்ன ட்ரம்மில் இடக்கை விழும்போது அடி நிறைந்து விழுந்தது. வலக்கையில் சோடிச் சிம்பல் கத்தாமல் பேசியது. ஒன்றை ஒன்று மூடவில்லை. பத்து விரலும் உள்ளவர்கள் இந்த அளவைப் பிடிக்க வருசக்கணக்கில் கை பழக்குகிறார்கள். நீ விரல் இல்லாததைச் சமாளிக்கத்தான் தடித்த தடி பிடிக்கிறாய் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். தொடக்கத்தில் அப்படியும் இருந்திருக்கலாம். பிறகு அது உன் காது தெரிந்தெடுத்தது. எங்களுக்கு நீ ஏன் அதைச் சொல்லவில்லை? கேட்டால்தானே சொல்வாய்.

நேற்று மாமியிடம் போனேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தா. நான் சொல்லி முடித்த பிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“ரெண்டும் மெல்லிசோ?”

“ஓம் மாமி.”

வெட்டின மீனை ஒருபக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தா. நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. “அவள் அங்கயும் ஆரோடயாவது சண்டை பிடிச்சு மாத்தி எடுத்திருப்பாள். நீ கவலைப்படாத.”

பிறகு சொன்னா, “கையுறை போடச் சொன்னது நான்தான் தம்பி. வாற சனமெல்லாம் கையையே பாத்துக்கொண்டு நிக்கும். கடைசியா ஒருக்காலாவது என்ர பிள்ளையின்ர முகத்தைப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்.”

நான் படலைக்கு வெளியே நின்று கத்தியதை மாமி கேட்டிருப்பாவா? எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்து ஒரு படம் எடுத்துத் தந்தா. நீ இடக்கையைத் தூக்கி, ரியூப் சுற்றிய தடியோடு, வாயைப் பிளந்து சிரிக்கிற படம். “மலருக்கு இதைப் போடச் சொல்லு. வெட்ட வேண்டாமெண்டு சொல்லு.” அட்டையில் அதுதான் வருகிறது.

இன்று காலை வவுனியாவுக்குப் போனேன். மெல்லிய தடி ஒரு சோடி கேட்டேன். உருட்டிப் பார்த்தேன், நெற்றியில் தட்டியும் பார்த்தேன். கடைக்காரர் என்னைக் கவனித்துக்கொண்டே நின்றார். “மற்றத் தடிப்பு வேண்டாமோ தம்பி? அந்தப் பிள்ளை வந்தா ரெண்டு சோடியும்தான் எடுக்கிறவ.”

“தடிப்பு இருக்கு அண்ணை. மெல்லிசுதான் இல்லை” என்றேன். நீ இல்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பையில் உன் கணக்கில் இரண்டு சோடி மறுபடி இருக்கிறது. ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் போகாது. காட்சிக்கு வைக்கக் கேட்டு ஒருவர் ஏற்கனவே வந்துபோய்விட்டார், மறுத்துவிட்டேன். இனிமேல் கூரையைப் பார்க்காமல், பாடுகிறவரின் தொண்டையைக் கேட்காமல், அந்தப் பையை நான் திறக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் வளவுத் தகரப் பந்தலில் உனக்காக வாசிக்கிறோம். தகரம் என்றபடியால் கையை அடக்கித்தான் அடிப்பேன். தொடங்கும்போது மெல்லியதைத் தடித்ததில் நாலு தரம் தட்டுவேன். கபில் தலை நிமிராவிட்டால், சரியாகத்தான் எடுத்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

தடி மாற்றித் தந்த உன் மச்சான்,
றெஜி