சங்கரா மீனின் முள்

மே 17, சனி. இரவு.

சரசு இறந்ததிலிருந்து நான் வீட்டிலேயே கிடக்கிறேன் என்று அவள் தம்பி குமார் என்னைக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இழுத்துப்போனான். கொளுத்தும் வெயிலில் ஓவியக் கண்காட்சி பார்த்தோம். ஒரு படமும் நினைவில்லை. சாயங்காலம் கடற்கரை ஓட்டலில் கூட்டம், பாட்டு என்ற பெயரில் இரைச்சல். சங்கரா வறுவல் வந்தது. சரசுவுக்குக் கண் மங்கிய பிறகு முள் எடுத்து வைப்பது என் வேலை. இன்றும் எடுத்தேன். பக்கத்துத் தட்டில் வைத்த பிறகுதான் அது குமாரின் தட்டு என்று தெரிந்தது.

"இருக்கட்டும் மாமா. அக்காவுக்கு வச்சதுதானே, நான் சாப்புடுறேன்" என்றான்.

சாப்பிடும்போதே அழுதான். எனக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த துண்டுக்கும் முள் எடுக்க ஆரம்பித்தேன்.